நாக்கு குடியிருக்கும் இடம்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில், காந்தக் கொக்கி ஒன்றில், நூல் கோத்த பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்று ஓராண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணேறு கழிக்கக் கட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப்பேர் என்னவென்று கேட்டுவிடுகிறார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், என் சின்னவனின் வாய்ப் பயிற்சிகளைப் பற்றி ஒரு முறை முழுமையாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்தது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலத்துக்கு. சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் தேவாரமும் சொல்லிக்கொடுக்கிறேன். நாள் முழுவதும் பிறர் வீட்டுப் பிள்ளைகளின் நாக்கு எங்கே தொடுகிறது என்று பார்த்துத் திருத்துகிற எனக்கு, சொந்தப் பிள்ளையின் நாக்கு எங்கே கிடக்கிறது என்பது அவனுக்கு ஆறு வயது முடிகிற வரை தெரியாமல் போனது. அதற்குக் காரணம், என் கண் முழுவதும் அவனுடைய கட்டைவிரலிலேயே இருந்ததுதான்.

விரல் சூப்புவது பிறந்த பிறகு யாரோ கற்றுக்கொடுத்துப் படிந்த கெட்ட பழக்கம் அன்று. கருவறைக்குள்ளேயே விரலை வாயில் வைத்திருக்கும் குழந்தைகளை ஸ்கேன் படங்களில் பார்க்கலாம். பசிக்காக அல்லாமல் ஆறுதலுக்காகச் சூப்புவது கைக்குழந்தைக்கு இயல்பு; பெரும்பாலான பிள்ளைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். அதற்குள் பால்பற்களில் சிறிது கோணல் உண்டாகியிருந்தாலும், பழக்கம் நின்றதும் அதில் பெரும்பகுதி தானே நேராகிவிடும். நிலைப்பற்கள் முளைக்கும் ஆறு, ஏழு வயதிலும் விரல் வாயை விட்டு இறங்காமல் இருந்தால்தான் கவலை. இங்கே கைக்குழந்தைகளின் வாயில் வைக்கும் ரப்பர் சூப்பானை ‘டம்மி’ என்பார்கள். மூத்தவளுக்கு டம்மி, ஒரு நாள் அதைக் குப்பையில் போட்டோம், மூன்று இரவு அழுதாள், முடிந்தது. சின்னவனுக்கு விரல், அதை எந்தக் குப்பையில் போடுவது?

என் மாமியாரை, இந்த நாட்டுத் தமிழர் வழக்கப்படி, பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடுவார்கள். (ஊரில் அந்தச் சொல் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண்ணுக்கு என்று பழகியிருந்ததால் முதல் ஆண்டில் எனக்குக் காது கூசியது.) ஆயாவிடம் இதற்கு ஒரு கைவைத்தியம் இருந்தது. இங்குள்ள மலைச்சரிவுகளில் குளிர்காலத்தில் செம்மஞ்சள் பூத்தண்டுகளோடு ஆள் உயரத்துக்கு நிற்கும் கேப் கற்றாழையின் மடலைக் கீறினால் மஞ்சளாக ஒரு சாறு கசியும். ஊரில் வேப்பெண்ணெய் செய்கிற வேலையை இங்கே அது செய்யும். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. ஆயா மடலை வெட்டித் தர, நான் அவன் கட்டைவிரலில் தடவினேன். முதல் இரவு முகத்தைச் சுளித்தான், இரண்டாம் இரவு அழுதான், மூன்றாம் இரவு அழுதுகொண்டே சூப்பித் தீர்த்தான். அந்தச் சாறு இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பேதிக்குக் கொடுக்கிற மருந்தும்கூட என்பது எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்த பிறகுதான் நினைவு வந்தது. அவன் வயிறு சரியாக இரண்டு நாள் ஆனது, விரல் மட்டும் வாயிலேயே இருந்தது. கசப்பு தடவினால் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் முகம் சிவந்துவிடுகிறது.

பல் மருத்துவரிடம் போனது பூச்சிப்பல்லுக்காக. அவர் பூச்சிப்பல்லை விட்டுவிட்டு, “கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடி” என்றார். கடித்தான். பின்பற்கள் சேர்ந்திருக்க, மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே ஒரு பென்சில் படுத்த வாக்கில் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் இளஞ்சிவப்பாக நாக்கு நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “விரல் திறந்துவைத்த கதவை இப்போது நாக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது, விரலை நிறுத்தினாலும் நாக்கு விடாது” என்றார் அவர். பிறகு எச்சில் விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது உதடுகள் இறுகின, முகவாய்க்கட்டை ஆரஞ்சுத் தோல் போலச் சுருங்கியது, நாக்கு பற்களுக்கிடையே முன்னே பிதுங்கியது. ஆறு ஆண்டுகளாக அவனுக்கு மூன்று வேளை சோறு ஊட்டிய எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். பல் மருத்துவர் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் முதலில் போனது, தெரிந்தவர் சொன்ன ஓர் ஆலோசகரிடம். அவர் வரிசையாக ஊதல்கள், வளைந்து நெளிந்த உறிஞ்சுகுழல்கள், சோப்புக் குமிழி ஊதும் வளையங்கள், கடித்துப் பயில ரப்பர்க் குழாய்கள் என்று ஒரு பையையே விற்றார். நாக்கும் உதடும் பலமாகிவிட்டால் பல்லும் சேரும், பேச்சும் திருந்தும் என்றார். நான்கு மாதம் வீடு திருவிழாக் கடை போல ஊதல் சத்தத்தில் கிடந்தது. பல் சேரவில்லை, பேச்சும் அப்படியே. எப்போதும் வாயால் மூச்சு விடுகிற பிள்ளையின் மூக்கை அந்த நான்கு மாதமும் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதில் பெரிய பிழை.

மூக்கைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மூக்கு அடைத்திருக்கிற பிள்ளையிடம் “வாயை மூடு” என்று சொல்வதும், மூடிக்கிடக்கிற கதவில் “உள்ளே வா” என்று எழுதிவைப்பதும் ஒன்று. மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் இருக்கும் அடினாய்டு என்ற சதை, பள்ளிப் பருவத்தின் தொடக்கத்தில் பல பிள்ளைகளுக்குப் பெரிதாக இருக்கும், வளர வளரச் சுருங்கும். அது பெரிதாக இருக்கிற காலத்தில் ஒவ்வாமையும் சேர்ந்துகொண்டால் மூச்சுக்கு வாய்தான் வழி. வாயால் மூச்சு விடவேண்டுமென்றால் நாக்கு கீழே இறங்கிக் காற்றுக்கு வழிவிட்டே ஆகவேண்டும். எங்கள் பக்கம் கரும்பு வெட்டுக்கு முன் தோட்டத்துக்குத் தீ வைக்கும் பருவத்தில் கொடியில் காயும் துணியெல்லாம் கருந்துகள் படியும். அந்த மாதங்களில் அவன் மூக்கு திறந்திருந்த நாளே இல்லை என்பதை மருத்துவர் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு அறுவை தேவைப்படவில்லை. சில மாதம் மூக்குத் தெளிப்பு மருந்தும் உப்புநீர்க் கழுவலும் போதுமாக இருந்தன. குறட்டை நின்றது. அதற்குப் பிறகுதான் பயிற்சி என்ற பேச்சே எடுத்தோம். தூங்குகிற பிள்ளையின் வாயில் ஒட்டுநாடா ஒட்டுவதை இணையக் காணொளிகளில் காட்டுகிறார்கள். மூக்கைப் பரிசோதிக்காத குழந்தைக்கு அதைச் செய்வது ஆபத்து, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

பேச்சுப் பயிற்சியாளர் ஓர் இளம் ஜூலுப் பெண். இந்த நாட்டில் நான்கு ஆண்டு பல்கலைக்கழகப் படிப்பும், அதன் பிறகு ஓராண்டு கட்டாயச் சமூக சேவையும் முடித்துத்தான் இந்தத் தொழிலில் தனியாக உட்காரமுடியும்; டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. சின்னவன் அவரை ‘ஆன்ட்டி’ என்பான். ஊதல் பையைத் திறந்து காட்டினேன். பார்த்துச் சிரித்துவிட்டு, “இவனுக்குப் பலம் குறைவே இல்லையே, பிஸ்கட்டை எப்படிக் கடிக்கிறான் பாருங்கள். இவனுடைய நாக்குக்கு முகவரிதான் தவறாக இருக்கிறது” என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அவர் போட்டுக் காட்டிய கணக்கு இது. மனிதர் ஒரு நாளைக்கு விழுங்குவது அதிகம் போனால் ஆயிரம் தடவை. ஒவ்வொரு விழுங்கலிலும் நாக்கு பல்லை அழுத்துவது ஏறத்தாழ ஒரு நொடி. எல்லாவற்றையும் கூட்டினாலும் பதினேழு நிமிடம் தேறாது. பல் நகரவேண்டுமென்றால் மெல்லிய அழுத்தமானாலும் நாளுக்கு மணிக்கணக்கில், குறைந்தது ஆறு மணி நேரத்தை ஒட்டி, விடாமல் இருக்கவேண்டும். அமெரிக்கப் பல் சீரமைப்பு அறிஞர் வில்லியம் புரோஃபிட் 1978இல் இந்த வாதத்தைத் தெளிவாக எழுதினார்: பல்லின் இடத்தைத் தீர்மானிப்பது விழுங்கும்போது நாக்கு போடுகிற பலத்த தள்ளு அன்று, சும்மா இருக்கும்போது நாக்கும் உதடும் எங்கே சாய்ந்து கிடக்கின்றன என்பதே. இரவெல்லாம் வாயில் கிடக்கும் விரல் பல்லைக் கோணலாக்குவதும், பகலில் எப்போதாவது சூப்பும் விரல் அவ்வளவாகச் செய்யாததும் இதனால்தான். நான் நான்கு மாதம் ஊதவிட்டது நாளுக்குப் பத்து நிமிடம். மீதி இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடமும் நாக்கு பழைய இடத்திலேயே படுத்திருந்தது.

வாய்த் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பல் வரிசையைக் காக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. பாஸ்டன் நகரப் பல் சீரமைப்பு மருத்துவர் ஆல்ஃபிரட் ராஜர்ஸ் 1918இலேயே அதைப் பற்றி எழுதினார். நூறு ஆண்டுக்கு மேலாகியும் அது இன்னும் விவாதத்துக்குரியதாக இருப்பதற்குக் காரணம், எதற்காகப் பயிற்சி என்பதைப் பலர் குழப்பிக்கொள்வதுதான் என்பது என் எண்ணம். அந்தக் குழப்பத்தைப் பிறகு சொல்கிறேன்.

சும்மா இருக்கும்போது நாக்கு எங்கே இருக்கவேண்டும்? நுனி, மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஈற்று மேட்டில், பல்லைத் தொடாமல். நாக்கின் முதுகு மேலண்ணத்தோடு ஒட்டியபடி. பற்கள் கடிக்காமல் நூலிழை விலகி, உதடுகள் மூடி, மூச்சு மூக்கால். பயிற்சியாளர் அந்த மேட்டை ஆங்கிலத்தில் வெறுமனே ‘இடம்’ என்று சொல்லி, கடலை வெண்ணெயை ஒரு குச்சியால் தொட்டு அங்கே ஒரு பொட்டு வைத்தார். நாக்கு நுனியால் அதைத் தேடி நக்கவேண்டும். சின்னவனுக்குப் பிடித்திருந்தது, ஆனால் கடலை வெண்ணெய் கரைந்ததும் இடமும் மறந்துபோனது.

அப்போதுதான் எனக்கு என் சனிக்கிழமை வகுப்பு கைகொடுத்தது. ‘பந்து’ என்று சொல்லிப் பாருங்கள்: ‘ந்’ ஒலிக்கும்போது நாக்கு பல்லில் மோதுகிறது. ‘வண்டு’ என்று சொல்லுங்கள்: நாக்கு மடிந்து உள்ளே போய் அண்ணத்தைத் தொடுகிறது. ‘தேன்’ என்று சொல்லி, கடைசி எழுத்திலேயே நின்றுவிடுங்கள்: நாக்கு நுனி நிற்கிறதே, அதுதான் இடம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், றகர னகரங்களைப் பற்றிச் சொல்லும்போது நாக்கு நுனி மேலே நிமிர்ந்து அண்ணத்தைத் தொடும் என்கிறது. தகர நகரங்களுக்குப் பல்லின் அடிப்பக்கத்தைக் காட்டுகிறது. டகர ணகரங்களுக்கு வேறோர் இடம். மூன்று ந-ன-ண ஏன் என்று வகுப்பில் பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். வாய்க்குள் மூன்று முகவரி இருப்பதை விளக்க அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. “தேன் வீட்டில் நாக்கு இருக்கிறதா?” என்பது எங்கள் வீட்டின் கேள்வியானது. பயிற்சியாளரிடம் சொன்னேன்; தன் குறிப்பேட்டில் ‘தேன்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்.

அவர் பங்குக்கு அவருடைய மொழியும் வந்தது. ஜூலு மொழியில் நாக்கைச் சொடுக்கி ஒலிக்கும் மெய்யெழுத்துகள் மூன்று வகை உண்டு. முட்டைக்கு அவர்கள் சொல்லும் ‘இகாண்டா’வில் நடுவே வருவது தமிழ்க் ககரம் அன்று, நாக்கு முழுவதையும் அண்ணத்தோடு உறிஞ்சி ஒட்டவைத்து, சட்டென்று விடும்போது புட்டி மூடி திறக்கும் ‘டொக்’ என்ற ஓசை. தவளைக்கான சொல்லில் வரும் சொடுக்கு நாக்கின் பக்கவாட்டில் பிறப்பது, நாம் மாட்டை விரட்டும்போது கன்னத்தோரம் எழுப்பும் ஓசை. காதணிக்கான சொல்லில் வருவது, நாம் ‘ச்சு ச்சு’ என்று இரக்கப்படும்போது பல்லுக்குப் பின்னால் எழுப்புவது. உலகம் முழுவதும் இந்தப் பயிற்சியைக் குதிரைக் குளம்படி போல நாக்கைச் சொடுக்கச் சொல்லித்தான் தொடங்குவார்கள். இங்கே சின்னவனுக்குக் குதிரை தேவைப்படவில்லை, பள்ளியில் பக்கத்து இருக்கைப் பையன் தினமும் முட்டை என்று சொல்கிறான். அந்த ‘டொக்’கை விடுவதற்கு முந்தைய நொடியில் நிற்கவேண்டும் என்பதுதான் பயிற்சி: நாக்கு முழுவதும் அண்ணத்தில் ஒட்டியிருக்க, தாடையை மட்டும் மெல்லக் கீழே இறக்கினால் நாக்குக்கு அடியில் உள்ள நரம்பு போன்ற மடிப்பு விறைப்பாகத் தெரியும். அப்படியே பத்து எண்ணவேண்டும். முதல் நாள் அவனால் இரண்டு எண்ணும் வரைதான் முடிந்தது. மூன்றாம் வாரத்தில் பத்தைத் தாண்டினான். அந்த மடிப்பு குட்டையாக இருக்கும் பிள்ளைகளுக்கு நாக்கு மேலே எழும்பாது. முதல் நாளே அவர் விரலால் தூக்கிப் பார்த்ததும் அதற்காகத்தான்.

பொத்தானுக்கு வருவோம். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத பொத்தான், துளைகளில் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் உறுதியான நூலைக் கோத்து இரட்டை முடிச்சு. பொத்தானைப் பல்லுக்கு முன்னால், உதட்டுக்கு உள்ளே வைத்து, பல்லால் கடிக்காமல் உதட்டால் மட்டும் பிடிக்கவேண்டும். நான் நூலை மெல்ல இழுப்பேன், அவன் விடக்கூடாது. எதிரெதிரே உட்கார்ந்து இந்த இழுபறி நடக்கும்போது அவனுக்கு வரும் சிரிப்பில் பாதி ஆட்டம் தோற்றுவிடும். பெரியவர் ஒருவர் நூலைக் கையில் பிடித்திருக்காமல் இதைச் செய்யவே கூடாது. சின்னக் குழந்தைகளிடம் கொடுக்கவும் கூடாது, தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தொலைக்காட்சி பார்க்கும்போது பொத்தானுக்குப் பதில் ஐஸ்கிரீம் குச்சி: படுக்கை வாட்டில் உதடுகளுக்கிடையே மட்டும், பல் படாமல். குச்சி விழுந்தால் வாய் திறந்துவிட்டது என்று அவனுக்கே தெரியும். நான் “வாயை மூடு” என்று சொல்லவேண்டிய தொல்லை இல்லை. எங்கள் இருவரின் உறவையும் காப்பாற்றியது அந்தக் குச்சி.

விழுங்கும் பயிற்சிதான் எல்லாவற்றிலும் கடினம். பற்கம்பிக்குப் போடுகிற மிகச் சிறிய ரப்பர் வளையம் ஒன்றை நாக்கு நுனியில் வைத்து, அதைத் தேன் வீட்டில் அழுத்திப் பிடித்து, கடைவாய்ப் பற்களைச் சேர்த்து, உதடுகளைச் சிரிப்பது போலத் திறந்தே வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கவேண்டும். உதட்டின் உதவி இல்லாததால் நாக்கு ஏமாற்றமுடியாது. முன்னே தள்ளினால் வளையம் வெளியே விழும். எச்சிலில் தேறிய பிறகு தண்ணீர், தண்ணீருக்குப் பிறகு தயிர், கடைசியில் சோறு. தயிரில் ஒரு வசதி உண்டு: தவறாக விழுங்கினால் பல் இடுக்கில் வெள்ளையாக வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். குளியலறைக் கண்ணாடி முன்னால், துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, காலை ஐந்து நிமிடமும் இரவு ஐந்து நிமிடமும் நடந்த இந்தக் கூத்தை ஆயா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “எங்க அப்பன் காலத்துல விழுங்கக்கூடப் பள்ளிக்கூடமா இருந்துச்சு?” என்றார். இருந்தாலும் மறுநாளிலிருந்து அவன் சாப்பிடும்போது அவருடைய கண்ணும் அவன் வாயில்தான்.

இப்போது அந்தக் குழப்பம். சின்னவனுக்குச் சகரம் சரியாக வராது. நாக்கு நுனி பல்லிடையே நீண்டு, ‘சங்கம்’ என்றால் ‘தங்கம்’ என்று கேட்கும். நாக்குத் தள்ளலும் இந்த மழலையும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது உண்டு என்பதால், வாய்ப் பயிற்சி செய்தால் சகரம் தானாக வந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். நான் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2008இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றில் பேச்சுப் பயிற்சியாளர்களில் 85 விழுக்காட்டினர் ஒலிகளைத் திருத்துவதற்கு இத்தகைய பேச்சில்லாத வாய்ப் பயிற்சிகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஆனால் மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2015இல் இதை எடுத்துப் பார்த்தபோது, தகுதியான ஆய்வுகளாகத் தேறியவை மூன்றே மூன்று. மூன்றிலும் சேர்த்துப் பிள்ளைகள் 22 பேர். ஒலி திருந்துவதற்கு இப்பயிற்சிகள் உதவுகின்றன என்று சொல்ல வலுவான சான்று இல்லை என்பதே முடிவு. யோசித்தால் அதில் வியப்பில்லை. பேசுவதற்கு உதடு செலவிடும் பலம் அதன் முழுப் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் போவதில்லை. பலத்தைப் பெருக்கி என்ன செய்வது? வீணை வாசிக்க விரும்புகிறவன் விரலுக்குத் தண்டால் எடுக்கச் சொல்லிக்கொடுப்பதைப் போன்றது அது. வாசிப்பது வாசித்துத்தான் வரும்.

ஆகவே எங்கள் பயிற்சியாளர் இரண்டையும் இரண்டு கணக்கில் எழுதினார். நாக்கின் இருப்பிடம், விழுங்கல், மூடிய உதடு ஆகியவற்றுக்குப் பொத்தானும் வளையமும். சகரத்துக்குச் சகரம்தான். ‘சாய் – தாய்’, ‘சங்கம் – தங்கம்’ என்று பொருள் மாறும் இணைகளைப் படமாக வரைந்துகொடுத்தேன். அவன் எதைச் சொல்கிறானோ அந்தப் படத்தைத்தான் நான் எடுத்துக்கொடுப்பேன். சங்கம் கேட்டவனுக்குத் தங்கம் கிடைத்தால் அவனுக்கே பிழை உறைக்கும். வளையத்தைப் போட்டுச் செய்த எந்தப் பயிற்சியையும்விட இந்த ஆட்டம் அவன் பேச்சை மாற்றியது. பல்லில் இடைவெளி இருக்கும்போதே சகரம் தெளிந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு. கோயிலில் அவன் முதன்முதலாகச் ‘சிவ சிவ’ என்று பிழையில்லாமல் சொன்ன நாளில் ஆயா அழுதுவிட்டார். அதற்கு முந்தைய சனிக்கிழமை வரை அவன் சொன்னது ‘திவ திவ’.

விரல்? அதற்கு வாய்ப் பயிற்சி எதுவும் நேரடியாக மருந்து இல்லை. பயிற்சியாளர் அவனிடமே கேட்டார், எப்போது விரல் வேண்டியிருக்கிறது என்று. “ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு” என்றான். ஆறு ஆண்டுகளில் நான் கேட்காத கேள்வி. இருட்டில் பயமாக இருந்த பிள்ளையின் விரலில் நான் கசப்பைத் தடவியிருந்தேன். ஒரு சின்ன விளக்கு எரியவிட்டோம். வலது கையில் அவனே தேர்ந்தெடுத்த காலுறை ஒன்றைப் பொம்மையாக மாட்டினோம். சூப்பாத இரவுக்கு நாட்காட்டியில் ஒரு நட்சத்திரம், சூப்பிய இரவுக்கு ஒன்றும் இல்லை, திட்டும் இல்லை. ஏழு வாரத்தில் நின்றது. நடுவில் காய்ச்சல் வந்த நான்கு நாட்கள் மறுபடி சூப்பினான். காய்ச்சலோடு அதுவும் போனது.

வாய்ப் பயிற்சிகளைத் தினமும் செய்தது ஐந்து மாதம், பிறகு வாரத்தில் மூன்று நாள். பென்சில் நுழைந்த இடைவெளியில் இப்போது அஞ்சலட்டை நுழைகிறது. நிலைப்பற்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. கம்பி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார் பல் சீரமைப்பு மருத்துவர். நாக்கு மேலே நின்றதால் சேர்ந்ததா, விரல் போனதால் சேர்ந்ததா, வளர்ச்சியில் தானே சேர்ந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியாது. மூன்றுக்கும் பங்கு இருக்கும். இரவில் அவன் தூங்கிய பிறகு ஒரு முறை போய்ப் பார்ப்பது மட்டும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. உதடு மூடியிருந்தால் சரி. திறந்திருந்தால் அன்று மூக்கு அடைத்திருக்கிறது என்று பொருள், காலையில் உப்புநீர்.

சென்ற சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு தாய் தன் மகளோடு நின்றார். சிறுமிக்கு ஐந்து வயது இருக்கும். வாய் அரைத்திறப்பில், கீழுதடு வறண்டு வெடித்து, கண்ணுக்குக் கீழே கருவளையம். “அக்கா, உங்க பையனுக்குச் செஞ்ச பொத்தான் பயிற்சியைச் சொல்லிக்கொடுங்க, இன்னிக்கே ஆரம்பிச்சிடறேன்” என்றார். பொத்தானைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை ராத்திரியில் குறட்டை விடுகிறாளா என்று கேட்டேன். “எங்க வீட்டுக்காரரைவிடச் சத்தமா” என்று சிரித்தார். மூக்கு மருத்துவரின் தொலைபேசி எண்ணை எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.